முதல் கீர்த்தனை கட்டுவது எப்படி? படித்துறையிலிருந்து தொடங்கும் ஒரு முழு வழிகாட்டி

காவிரி டெல்டாப் பக்கம் பாட்டுக் கற்றவர்களுக்கு ஒரு கட்டத்தில் சொந்தமாக ஒன்றைக் கட்டிப் பார்க்கும் ஆசை வந்துவிடும். ஊர் அம்மன் மேல் நாலு வரி, அல்லது வாய்க்காலில் வந்த புதுத் தண்ணீர் மேல் நாலு வரி. உடனே நோட்டை எடுத்து, பிடித்த ராகத்தின் ஆரோகணம் அவரோகணத்தை (ஏறுவரிசை, இறங்குவரிசையை) மேலே எழுதி, அந்த ஸ்வரங்களில் ஏறி இறங்கி வரிகளைப் பொருத்தத் தொடங்குவார்கள். முடிவில் ஸ்வரம் எல்லாம் சரியாக இருக்கும், பாட்டுத்தான் இருக்காது.

தொடங்கிய முனை தப்பு என்பதுதான் காரணம். ஒரு பாட்டு எந்த இடத்தில், யார் வாயால், எந்த நேரத்தில் பாடப்படும் என்பதை முதலில் முடிவு செய்தால் வடிவம் தானாக வரும். வடிவம் வந்தால் தாளமும் ராகமும் பாதி முடிவாகிவிடும். அந்த வரிசையிலேயே இங்கே போகலாம். உதாரணத்துக்கு ஆடிப்பெருக்கன்று காவிரிப் படித்துறையில் பெண்கள் கூட்டாகப் பாட ஒரு புதுப் பாட்டைக் கட்டிக்கொண்டே வருவோம். கீதம், ஸ்வரஜதி, இரண்டு மூன்று வர்ணம் வரை பாடம் ஆனவர்கள் இதைப் பின்பற்றலாம்.

படி 1: பாட்டு எங்கே நிற்கப் போகிறது?

நம் ஊர்களில் இசை வடிவங்கள் பெரும்பாலும் ஓர் இடத்துக்காகப் பிறந்தவை. சுவாமி புறப்பாட்டில் நாகஸ்வரக்காரர் எடுக்கும் மல்லாரியைப் பாருங்கள். அதற்குச் சாகித்யமே (பாடல் வரிகளே) கிடையாது. கம்பீர நாட்டையில், தவிலோடு, காலம் மாற்றி மாற்றி வாசிப்பது. தீர்த்தம் வரும்போது தீர்த்த மல்லாரி, நைவேத்யத்துக்குத் தளிகை மல்லாரி, தேருக்குத் தேர் மல்லாரி என்று சந்தர்ப்பத்துக்கு ஒன்று. ஸ க ம ப நி என்ற ஐந்தே ஸ்வரம், இடையிடையே நல்ல தாவல். வெடிச் சத்தம், கூட்டத்தின் இரைச்சல் எல்லாவற்றையும் தாண்டி இரண்டு தெரு தள்ளி இருப்பவருக்கும் சுவாமி கிளம்பிவிட்டார் என்று தெரிந்துவிடும். அங்கே சஹானாவில் நுணுக்கமாக ஒன்றை வாசித்தால் யார் காதில் விழும்?

அதே கோயிலில் இரவு பள்ளியறைக்குப் போகும்போது நீலாம்பரி. சன்னிதியில் ஓதுவார் பாடுவது தேவாரம், அது பண் என்ற பழந்தமிழ் ராக வழி. நடனத்துக்கு என்றால் கதையே வேறு. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர் 19ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்திய வரிசையில் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. ஜதிஸ்வரத்தில் சொல் கிடையாது, அடவுதான் பேசும். பதத்தில் அபிநயத்துக்கு இடம் வேண்டும் என்பதால் மெட்டு நிதானமாக நகரும்.

கதாகாலட்சேபத்துக்குக் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரத்தில் கீர்த்தனையையும் சிந்தையும் கண்ணியையும் கலந்து வைத்தார். கேட்பவர்கள் கதை கேட்க வந்தவர்கள், சொல் புரிந்தாக வேண்டும், திருப்பிப் பாடவும் வர வேண்டும். கச்சேரி மேடையில் கிருதி. அங்கே ராகத்தைக் காட்ட வேண்டும், சங்கதி (ஒரே வரியின் மெட்டு மாற்றங்கள்) விழ வேண்டும், நிரவலுக்கு (ஒரு வரியை விதவிதமாக விரித்துப் பாட) ஒரு நல்ல வரி வேண்டும்.

ஆகவே நோட்டில் முதல் வரியாக ராகப் பெயரை எழுதாதீர்கள். இடம், பாடுபவர், நேரம் மூன்றையும் எழுதுங்கள். நம் பாட்டுக்கு: படித்துறை, பாட்டுப் பயிற்சி அதிகம் இல்லாத பத்துப் பதினைந்து பெண்கள், காப்பரிசி, காதோலை கருகமணி வைத்துக் கும்பிடுகிற நேரம். மைக் இருக்காது. தண்ணீர்ச் சத்தம், பிள்ளைகள் சத்தம் இருக்கும். இந்த மூன்று வரியும் இனி எடுக்கும் எல்லா முடிவையும் பிடித்து இழுக்கும்.

படி 2: வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது

கூட்டாகப் பாட வேண்டும் என்றால் நாமாவளி, கும்மி, சிந்து, கீர்த்தனை ஆகியவைதான் பொருந்தும். நாம் கீர்த்தனையை எடுத்துக்கொள்வோம்.

பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற மூன்று உறுப்பும் தமிழில் தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்ற மும்மூர்த்திகளுக்கு முன்பே நிலைபெற்றவை. சீர்காழி முத்துத்தாண்டவர் பாடல்களிலேயே அந்த அமைப்பு தெளிவாக இருக்கிறது. அதே சீர்காழியில் இருந்த அருணாசலக் கவிராயரும், தில்லைவிடங்கன் மாரிமுத்தாப்பிள்ளையும் அதே வழியில் பாடினார்கள். பல்லவி என்பது திரும்பத் திரும்ப வந்து சேரும் இடம். அனுபல்லவி அந்தக் கருத்தைக் கொஞ்சம் விரித்து, குரலை மேலே கொண்டுபோய், மறுபடி பல்லவியில் இறக்கிவிடும். சரணத்தில்தான் சொல்ல வேண்டியதை முழுசாகச் சொல்ல இடம் உண்டு.

கீர்த்தனைக்கும் கிருதிக்கும் எல்லை போட்டுச் சண்டை போடுபவர்கள் உண்டு. நடைமுறைக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: கீர்த்தனையில் பல சரணம் இருக்கும், எல்லாவற்றுக்கும் ஒரே மெட்டு, சொல்லுக்கு முதலிடம். கிருதியில் சரணம் குறைவு, மெட்டுக்கு வேலை அதிகம். முத்துசுவாமி தீட்சிதர் பல கிருதிகளில் தனி அனுபல்லவி வைக்காமல் சமஷ்டி சரணம் என்று ஒன்றாக முடித்துவிடுவார். கடைசியில் வேகம் கூடிய மத்யம கால சாகித்யம் ஓடி வந்து பல்லவியில் சேரும். அழகான உத்திதான், முதல் முயற்சிக்கு வேண்டாம்.

வர்ணம் கட்ட ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அது பார்க்க எளிதாகத் தெரியும், ஏனென்றால் சொல் குறைவு. ஆனால் முக்தாயி ஸ்வரம், எத்துக்கடைப் பல்லவி, எத்துக்கடை ஸ்வரங்கள் என்ற உறுப்புகளோடு ராகத்தின் மொத்த இலக்கணத்தையும் அதற்குள் வைத்தாக வேண்டும். ஒரு ராகத்தில் பல வருஷம் ஊறினவர்கள் செய்கிற வேலை அது.

படி 3: ராகம் – ஸ்வர வரிசையைத் தாண்டி

இந்தப் படியில் கொஞ்சம் நின்று போகலாம், ஏனென்றால் புதிதாகக் கட்டுபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

அடிப்படைக் கணக்கு சுருக்கமாக: ஒரு ஸ்தாயிக்குள் (கீழ் ஸ முதல் மேல் ஸ வரை) பன்னிரண்டு ஸ்வரஸ்தானம். ஸட்ஜமும் பஞ்சமமும் அசையாது. மத்யமம் இரண்டு வகை. ரிஷபம் காந்தாரம் சேர்ந்து ஆறு விதம், தைவதம் நிஷாதம் சேர்ந்து ஆறு விதம். 6 × 6 × 2 = 72 தாய் ராகம். தஞ்சை நாயக்கர் அரசவையில் 17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி எழுதிய சதுர்தண்டி பிரகாசிகை இந்தக் கணக்கை வைத்தது. இன்று நாம் சொல்லும் கனகாங்கி, ரத்னாங்கி பெயர்கள் அவருக்குப் பிந்தியவை. மாயாமாளவகௌளை 15, ஹரிகாம்போஜி 28, தீரசங்கராபரணம் 29, மேசகல்யாணி 65 என்று பெயரின் முதல் இரண்டு எழுத்திலேயே எண் ஒளிந்திருக்கும் கடபயாதி முறையும் உண்டு. தமிழ் எழுத்தில் த ஒன்றே நாலு ஒலிக்கும் நிற்பதால் தமிழில் எழுதிவைத்து இந்தக் கணக்கைப் போட்டால் குழம்பும். சமஸ்கிருத ஒலியை வைத்துத்தான் போட வேண்டும். பாட்டுக் கட்ட இது அவசியமும் இல்லை.

அவசியமானது வேறு. ஆரபியையும் தேவகாந்தாரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஆரோகணம் ஸ ரி ம ப த ஸ. இரண்டுக்கும் அவரோகணம் ஸ நி த ப ம க ரி ஸ. நோட்டில் எழுதினால் ஒரே வரிசை. பாடிக் கேட்டால் சின்னப் பிள்ளைகூட வேறு வேறு என்று சொல்லிவிடும். ஆரபி விறுவிறுப்பானது, ரிஷபமும் தைவதமும் பளிச்சென்று நிற்கும், காந்தாரத்திலும் நிஷாதத்திலும் தங்காமல் போய்விடும். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையன்று அவருடைய ஐந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளில் மூன்றாவதாக ஆரபி வரும்போது கூட்டம் முழுக்க நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்கலாம். தேவகாந்தாரி நிதானமானது; அசைவு நீளமாக இருக்கும், இறங்கும்போது காந்தாரத்தில் இழைந்து வரும். வரிசை ஒன்று, ராகம் இரண்டு. அப்படியானால் வரிசையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எந்த ராகத்தில் பாட்டுக் கட்டுவீர்கள்?

நமக்கு வேண்டியது பிடிகள். பாடகர்கள் 'ராகத்தோட பிடி' என்று சொல்வார்களே, அந்த ராகத்துக்கே உரிய சின்னச் சின்னப் பிரயோகங்கள். காம்போஜியில் ஸ நி ப த ஸ என்ற ஒரு பிடி போதும், ராகம் முகத்தைக் காட்டிவிடும். அந்த நிஷாதம் அதன் தாய் ராகமான ஹரிகாம்போஜியின் நிஷாதமே அல்ல, அந்நிய ஸ்வரம். பைரவியில் ஏறும்போது சதுஸ்ருதி தைவதம், இறங்கும்போது சுத்த தைவதம். ஸ ரி க ம என்று வெறும் எழுத்தாக எழுதிய வரிசையில் இவை தெரியாது.

பிடிகளைச் சேகரிக்கும் முறை இது. எடுத்துக்கொண்ட ராகத்தில் ஒரு வர்ணம், இரண்டு மூன்று கிருதி, முடிந்தால் ஒரு பழைய நாகஸ்வர ஆலாபனைப் பதிவு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நாகஸ்வரத்தில் சொல் இல்லாததால் ராகத்தின் நடை மட்டும் தனியாகத் தெரியும். கேட்கும்போது நாலு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வரிகள் எந்த ஸ்வரத்தில் தொடங்குகின்றன? எந்த ஸ்வரத்தில் வந்து நிற்கின்றன? எந்த ஸ்வரம் அசைகிறது, எது அசையாமல் நிற்கிறது? எந்தத் தொடர் எல்லாப் பாட்டிலும் திரும்ப வருகிறது? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் உங்கள் மூலப்பொருள்.

கீபோர்டில் உட்கார்ந்து ராகம் தேடும் இளம் பிள்ளைகள் இப்போது அதிகம். தப்பில்லை, ஸ்வரஸ்தானம் சரிபார்க்க நல்ல கருவி. ஆனால் தோடியின் காந்தாரம் கட்டைக்குக் கட்டை தாவிப் பிடிக்கிற ஸ்வரம் அல்ல. அது அசைவிலேயே இருக்கிறது. கீபோர்டில் கட்டி முடித்த தோடி வாயில் வரும்போது வேறு எதுவோ ஆகிவிடும். ஆகவே வாயில் கட்டுங்கள், கருவியில் சரிபாருங்கள்.

முதல் பாட்டுக்கு எந்த ராகம்? மோகனம், ஹம்ஸத்வனி, மத்யமாவதி, சுத்த சாவேரி போல ஐந்து ஸ்வர ராகம் எதுவும் நல்லது. கமகம் (ஸ்வரத்தின் அசைவு) குறைவாக இருந்தாலும் ராகம் கெடாது, கூட்டமாகப் பாடினாலும் சுருதி சேரும். ஆனந்தபைரவி, சஹானா, தோடி, வராளி இப்போதைக்கு வேண்டாம். இதில் ஒரு விளையாட்டும் இருக்கிறது. மோகனத்தின் ரிஷபத்தை ஸட்ஜமாக வைத்து அதே ஸ்வரங்களைப் பாடினால் மத்யமாவதி. காந்தாரத்தை வைத்தால் ஹிந்தோளம். பஞ்சமத்தை வைத்தால் சுத்த சாவேரி. தைவதத்தை வைத்தால் சுத்த தன்யாசி. பாடம் கேட்ட அன்று சாயங்காலமே தம்புரா செயலியைப் போட்டு முயன்று பாருங்கள், ராகத்தைப் பற்றிய பயம் பாதி போய்விடும்.

பண் வழியாகப் போக விரும்புபவர்களுக்கு இன்னொரு வாசல் உண்டு. கௌசிகம் என்றால் பைரவி, பழம்பஞ்சுரம் என்றால் சங்கராபரணம், காந்தார பஞ்சமம் என்றால் கேதாரகௌளை, மேகராகக்குறிஞ்சி என்றால் நீலாம்பரி, செவ்வழி என்றால் யதுகுல காம்போஜி என்று ஓதுவார் மரபில் இன்று பாடுகிறார்கள். தஞ்சாவூரில் இருந்து ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரம் இந்தத் தமிழிசைக் கணக்கையெல்லாம் விரிவாகப் பேசும் நூல். தடித்த புத்தகம், மெதுவாகத்தான் படிக்க முடியும். ஆனால் ஊரில் ஓதுவார் இருந்தால் அவரிடம் ஒரு பதிகத்தை முழுசாகக் கேட்டு வாங்குவது அதைவிட விரைவான வழி.

படித்துறைப் பாட்டுக்கு மோகனம். மங்கலமான நேரத்துக்குப் பொருந்தும், சத்தத்திலும் துலங்கும், பயிற்சி இல்லாத குரலுக்கும் வழுக்காது.

படி 4: சாகித்யம்

முதலில் வரிகளை மெட்டில்லாமல் எழுதி, பேசுவது போலச் சொல்லிப் பாருங்கள். நம் வரிகள்:

பல்லவி
காவிரி வருவாயே – எங்கள்
கழனியில் நிறைவாயே

அனுபல்லவி
பூவிரி கரையோடு பொன்விளை வயலோடு
மேவிய குடியெல்லாம் மீண்டெழ அருள்வாயே

சரணம்
தாவிடும் மடையேறித் தாளடி வயல்சேர்ந்து
நாவினில் சுவையாக நாள்தொறும் இனியாளே

இலக்கியமாக இது பெரிய சங்கதி இல்லை. மெட்டுக்கு எப்படி உட்காருகிறது என்பதுதான் இங்கே விஷயம். காவிரி, பூவிரி, மேவிய, தாவிடும், நாவினில்: எல்லாவற்றிலும் முதலெழுத்து நெடில், இரண்டாம் எழுத்து வி. அதுதான் எதுகை. பல்லவிக்கும் அனுபல்லவிக்கும் எதுகை பொருந்தினால், அனுபல்லவி முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது காது அதை வரவேற்கும். காவிரி–கழனி, பூவிரி–பொன்விளை, மேவிய–மீண்டெழ என்று ஒவ்வொரு வரியின் பாதியிலும் மோனை. முதலெழுத்து அதே எழுத்தாகவே வர வேண்டும் என்பதில்லை. பூவுக்குப் பொ இன எழுத்து, மேவுக்கு மீ இன எழுத்து.

இன்னும் முக்கியமான ஒன்று, எழுத்தின் நீளம். 'காவிரி வருவாயே' என்பதை எண்ணுங்கள்: கா இரண்டு மாத்திரை, வி ஒன்று, ரி ஒன்று, வ ஒன்று, ரு ஒன்று, வா இரண்டு, அப்புறம் யே. 'பொன்விளை வயலோடு' என்பதையும் எண்ணுங்கள்: பொன் இரண்டு, வி, ளை, வ, ய ஒவ்வொன்று, லோ இரண்டு, டு. 'மீண்டெழ அருள்வாயே'வும் அதே அச்சு. சொல்லுக்கு நடுவில் வரும் ஐகாரம் குறுகி ஒலிக்கும் என்பதால் றை, ளை, டை எல்லாம் ஒரு மாத்திரைக்குள் அடங்கிவிடுகின்றன. இப்படி எல்லா அரையடியும் ஒரே அச்சில் இருந்தால், ஒரு மெட்டைக் கற்றுக்கொண்ட பெண்கள் எத்தனை சரணம் வேண்டுமானாலும் பாடிவிடலாம். அடுத்த வருஷம் யாராவது புதுச் சரணம் எழுதிச் சேர்த்தாலும் உட்காரும்.

நெடிலைக் குறுக்குவதும் குறிலை இழுப்பதும் எங்கேயாவது ஓரிடத்தில் தவிர்க்க முடியாமல் வரும். ஆனால் பொருள் கெடும் இடத்தில் கூடவே கூடாது. தாளத்துக்காகச் சொல்லை நடுவில் வெட்டி, பாதியை அடுத்த அடியில் போடுவதும் அப்படித்தான். கேட்பவர் வேறு சொல்லாகக் கேட்டுவிடுவார்.

படி 5: தாளமும் எடுப்பும்

கூட்டுப் பாட்டுக்கு ஆதி, ரூபகம் இரண்டும் பாதுகாப்பு. மிச்ர சாபு ஏழு எண்ணிக்கை. நிதானமான, உருக்கமான வரிகளுக்கு நன்றாக இருக்கும், சியாமா சாஸ்திரி அதில் விளையாடியிருக்கிறார். ஆனால் பயிற்சி இல்லாத கூட்டம் அதில் ஒரு எண்ணிக்கையைச் சேர்த்து எட்டாக்கிவிடும்.

எடுப்பு என்பது தாளத்தின் எந்த இடத்தில் பாட்டுத் தொடங்குகிறது என்பது. தட்டும் பாட்டும் ஒன்றாகத் தொடங்கினால் சமம். தட்டி அரை எண்ணிக்கை விட்டு எடுத்தால் அரை இடம். ஒன்றரை இடமும் உண்டு. தியாகராஜர் பாடல்கள் பலவற்றில் சமத்தில் எடுக்காமல் தள்ளி எடுப்பதால்தான் வரிக்கு ஓர் உந்துதல் வருகிறது. படித்துறையில் தாளம் போடும் ஆள் யார் என்றே தெரியாது, சமமே போதும்.

படி 6: பல்லவியைக் கட்டுவது

ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) எட்டு எண்ணிக்கை: லகுவுக்கு நாலு, அப்புறம் இரண்டு துருதத்துக்கு இரண்டிரண்டு. எண்ணிக்கைக்கு இரண்டு ஸ்வரம் வைத்தால் பதினாறு இடம். கீழே ஒரு காற்புள்ளி என்பது முந்திய ஸ்வரம் ஓர் இடம் நீள்வதைக் குறிக்கும். ஸ் என்று புள்ளி வைத்தது மேல் ஸட்ஜம்.

க , ப க ப த ஸ் , | த , ப , | க ப க ரி ||
கா , வி ரி வ ரு வா , | யே , , , | எங் , கள் , ||

ஸ ரி க ரி க ப க ரி | ஸ , , , | த ஸ ரி , ||
க ழ னி யில் நி றை வா , | யே , , , | , , , , ||

இரண்டாவது வரியின் கடைசித் துருதத்தில் வரும் த மட்டும் கீழ்த் தைவதம். அங்கே சொல் இல்லை, யே என்ற ஏகாரத்தின் நீட்சிதான். அது மெல்ல ஏறி மறுபடி காந்தாரத்துக்குப் பாலம் போடுகிறது. பாட வராதவர்கள் அங்கே சும்மா மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

இதைக் கட்டும்போது என்ன யோசித்தோம் என்று பாருங்கள். தொடக்கம் காந்தாரம், ஏனென்றால் மோகனத்தில் அது நின்று பேசும் ஸ்வரம். 'கா' என்ற எழுத்தே க ஸ்வரத்தில் விழுவது ஸ்வராட்சரம் போல அமைந்தது, கிடைத்தால் லாபம், தேடி அலைய வேண்டாம். 'வருவாயே' என்று கூப்பிடும்போது மெட்டு மேல் ஸட்ஜத்தைத் தொடுகிறது. அழைக்கும்போது குரல் உயர்வது இயல்பு. 'எங்கள்' என்ற இடத்தில் இறக்கம். 'கழனியில்' கீழே தவழ்கிறது, தண்ணீர் வயலுக்குள் வந்துவிட்டது. சொல்லின் போக்கும் ஸ்வரத்தின் போக்கும் முரண்டு பிடிக்காமல் இருக்கின்றனவா என்பதே பல்லவிக்கான முதல் சோதனை. 'வீழ்ந்தேன்' என்ற சொல்லை மேல் பஞ்சமத்துக்கு ஏற்றி வைத்திருக்கும் புதுப் பாட்டுகளைக் கேட்டால் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

படி 7: அனுபல்லவியும் சரணமும்

அனுபல்லவி மேல் பாதியில் உலாவட்டும். நம் பாட்டில் அதைத் தைவதத்தில் எடுக்கலாம்:

த , ஸ் த ஸ் ரி ஸ் , | த , ப , | ...
பூ , வி ரி க ரை யோ , | டு , , , | ...

ரிஷபம் மேல் ரிஷபம். அதற்கு மேலே கூட்டத்தை இழுக்காதீர்கள். கீழ்த் தைவதம் முதல் மேல் ரிஷபம் வரை என்று எல்லை போட்டுக்கொண்டால் பெண்கள் நாலரை, ஐந்து கட்டைச் சுருதியில் யாரும் கத்தாமல் பாடலாம். 'மீண்டெழ அருள்வாயே' என்ற அரையடி மேலிருந்து இறங்கி ரிஷபத்தில் முடிந்தால், அங்கிருந்து 'காவிரி'யின் காந்தாரம் பக்கத்து வீடுதான்.

சரணத்துக்குக் கீர்த்தனையில் பல்லவி மெட்டையே கொஞ்சம் மாற்றி வைத்துக்கொள்ளலாம், இரண்டாவது பாதிக்கு அனுபல்லவி மெட்டு. அது சோம்பேறித்தனம் இல்லை, நிறைய கிருதிகளிலேயே சரணத்தின் பின்பாதி அனுபல்லவி மெட்டில்தான் வரும். புதுசாக ஒன்று வேண்டும் என்றால், சியாமா சாஸ்திரியின் பைரவி ஸ்வரஜதியைப் பாடிப் பாருங்கள். ஒவ்வொரு சரணமும் ஒரு ஸ்வரம் மேலே தொடங்கிக்கொண்டே போய்க் கடைசியில் மேல் ஸட்ஜத்தில் எடுக்கும். வடிவத்தையே ஏணியாக்கிய வேலை அது.

படி 8: சங்கதி, சிட்டைஸ்வரம், முத்திரை

படித்துறைப் பாட்டுக்கு இவை தேவையில்லை. அதே பாட்டை யாராவது மேடையில் பாடக் கேட்டால் தேவைப்படும்.

சங்கதி என்பது ஒரே வரியை, சொல் மாறாமல், மெட்டை விரித்துக்கொண்டே போவது. தியாகராஜர் கையில்தான் அது இவ்வளவு வளர்ந்தது. முதல் சங்கதியில் போட்ட எலும்பு கடைசி வரை தெரிய வேண்டும். நம் பல்லவியில் இரண்டாவது சங்கதிக்கு லகுவைத் தொடாமல், முதல் துருதத்தை மட்டும் த , ப , என்பதற்குப் பதில் த ஸ் த ப என்று மாற்றுங்கள். மூன்றாவதில் 'வருவா' மேல் ரிஷபத்தைத் தொட்டுத் திரும்பட்டும். ஒரு தடவைக்கு ஓர் இடம் மட்டும் மாற வேண்டும். மூன்று நாலுக்கு மேல் போனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள், முடியாததை வெட்டிவிடுங்கள்.

சிட்டைஸ்வரம் என்ற சொல்லில்லாத ஸ்வரப் பகுதி போட்டால் இரண்டோ நாலோ ஆவர்த்தனம் போதும். சேகரித்த பிடிகள் இங்கே கை கொடுக்கும். வெறுமனே ஸரிகப ரிகபத என்று அலங்காரம் போல அடுக்கினால் பாடத்தின் வாசனை அடிக்கும்.

முத்திரை, அதாவது பாட்டில் வைக்கும் கையொப்பப் பெயர், உங்கள் விருப்பம். தியாகராஜர் தம் பெயரையே வைத்தார், தீட்சிதருக்கு குருகுஹ, சியாமா சாஸ்திரிக்கு சியாமகிருஷ்ண, பாபநாசம் சிவனுக்கு ராமதாசன். தீட்சிதர் ராகத்தின் பெயரையும் சாகித்யத்துக்குள் நுழைத்துவிடுவார். பொருளோடு நுழைந்தால்தான் அது அழகு.

படி 9: சோதித்துப் பார்ப்பது

முதலில் சொல்லை எடுத்துவிட்டு 'ஆ' என்று அகாரத்தில் பாடுங்கள். ராகம் தெரிகிறதா? அப்புறம் மெட்டை எடுத்துவிட்டுத் தாளத்தோடு சொல்லை மட்டும் சொல்லுங்கள். பொருள் தெரிகிறதா? பக்கத்தில் நாகஸ்வரக்காரர் யாராவது இருந்தால் சொல்லே காட்டாமல் மெட்டை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் ஓரிடத்தில் தன்னை அறியாமல் வேறு மாதிரி வாசித்தால், பெரும்பாலும் அவர் வாசித்ததுதான் சரி. அந்த இடத்தை மாற்றிவிடலாம்.

கடைசியாக, யாருக்காகக் கட்டினீர்களோ அவர்களிடம் கொடுங்கள். படித்துறைப் பாட்டு என்றால் பாட்டு வகுப்புப் பக்கமே போகாத ஒரு அத்தையிடம் இரண்டு தடவை பாடிக் காட்டிவிட்டு, மூன்றாவது தடவை அவரைப் பாடச் சொல்லுங்கள். 'எங்கள்' என்ற இடத்தில் க ப க ரி அசைவை அவர் க ரி என்று நேராக இறக்கிவிடுவார் என்பது என் கணிப்பு. இறக்கட்டும். கூட்டத்துக்கான பிரதியில் அப்படியே எழுதிக்கொண்டு, அசைவை மேடைப் பிரதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதி வைக்கும்போது தலைப்பில் ராகம், தாளம், எடுப்பு, கட்டை நாலையும் குறியுங்கள். ஒவ்வொரு சங்கதியையும் தனி வரியில், ஸ்வரத்துக்கு நேர் கீழே சொல். அதோடு செல்போனில் ஒரு பதிவு, முதல் தடவை வெறும் தம்புராவோடு நிதானமாக, இரண்டாவது தடவை பாட வேண்டிய வேகத்தில். ஸ்வரக் குறிப்பில் கமகம் முழுசாக ஏறாது, அந்த வேலையைப் பதிவு பார்த்துக்கொள்ளும்.